பாடி மட்டும்

அன்பு மகள் திவ்யதர்ஷினிக்கு அப்பா எழுதுவது. நீயும் பிரேம் மாப்பிள்ளையும் வயிற்றில் இருக்கும் பாப்பாவும் சுகமாக இருக்க வேண்டும். இங்கே நாங்கள் சுகம் என்று எழுதினால் பொய், இல்லை என்று எழுதினால் உனக்குத் தூக்கம் போய்விடும், அதனால் இருக்கிறோம் என்று மட்டும் வைத்துக்கொள். தினமும் போனில் பேசுகிற மனுஷன் எதற்குக் கடிதம் எழுதுகிறார் என்று நினைப்பாய். போனில் பேசும்போது அம்மா பக்கத்திலேயே படுத்திருக்கிறாள். அவளுக்குப் பேச்சுதான் போயிருக்கிறது, காது நன்றாகவே கேட்கிறது. அவள் காதில் விழக்கூடாத ஒன்றை உன்னிடம் சொல்ல வேண்டியிருக்கிறது.

அம்மாவின் குரல்வளையை எடுத்துவிட வேண்டும் என்று டாக்டர் சொன்ன அன்று, அதற்கு முன்னால் அவள் பாப்பாவோடு பேசுகிற மாதிரி ஒரு வீடியோ எடுத்து வைங்கப்பா, நல்ல கேமராவாக ஒன்று வாங்குங்க, பிறகு பாப்பாவைப் படம் எடுக்கவும் ஆகும் என்று ஆக்லாந்திலிருந்து அழுதுகொண்டே சொன்னாய் அல்லவா. எனக்கும் அதுதான் சரி என்று பட்டது. தேடிப் பார்த்தால் அவள் குரல் எங்கேயுமே இல்லை திவ்யா. வாட்ஸ்அப்பில் காலை வணக்கம் போட்ட ரோஜாப்பூவைத்தான் ஊருக்கெல்லாம் அனுப்புவாள், வாயைத் திறந்து ஒரு செய்தி அனுப்பியதில்லை. உன் கல்யாண வீடியோவில் ஆரம்பத்திலிருந்து முடிவு வரை சினிமாப் பாட்டைப் போட்டு மூடி வைத்திருக்கிறார்கள். என் போனில் ஒரு முறை எடுத்துப் பார்த்தேன், கரகரத்த குரலும் மின்விசிறிச் சத்தமும் கலந்து ஒன்றும் விளங்கவில்லை. இதைவிட நல்லதாக எடுக்கலாம் என்று அதை அழித்துவிட்டேன்.

பெரிய கடைகளில் விலையைப் பார்த்துவிட்டு வெளியே வந்து, ஜாலான் புசார் தெருவில் பழைய கேமரா விற்கிற ரவூப் என்பவரிடம் போனேன். நல்ல மனுஷர். முதல் கேமராவுக்குப் புதுசு எதுக்குண்ணே, கொஞ்சம் பழைய மாடலே போதும் லா, மெகாபிக்சல் கணக்கை விடுங்க, வீடியோ எடுக்கணும்னா மைக் சொருகுற ஓட்டை இருக்கான்னு பாருங்க என்றார். கேமராவுக்குள் இருக்கும் மைக்கை நம்பவே கூடாதாம். நீயும் அதையேதான் சொல்லியிருந்தாய். அம்மாவின் அறையில் வெளிச்சம் கம்மி என்றேன். அப்போது ஒரு மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு, கூட வர்ற லென்ஸ் உங்களுக்கு ஆகாது, வேற லென்ஸ் தர்றேன், பாடி மட்டும் எடுத்துக்கிறீங்களா என்று கேட்டார். நமக்குப் பாடி என்றால் ஒன்றுதானே. சாவு வீட்டு வாசலில் நின்று பாடியை எப்ப எடுக்கிறாங்க என்று கேட்பார்களே, அதுதானே. லென்ஸ் இல்லாத வெறும் கேமராவுக்கு இந்தத் தொழிலில் அதுதான் பெயராம். எனக்கு வியர்த்ததைப் பார்த்து அவரே தண்ணீர் கொடுத்தார்.

அத்தோடு விட்டிருக்கலாம். ரயிலில் வரும்போது ஜூரோங்கிலிருந்து உன் பாப்பம்மாள் சித்தி கூப்பிட்டாள். அக்காவை அந்த வாரம் பரிசோதனைக்கு ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனது அவளுக்குத் தெரியும், கேமரா வாங்கப் போனது தெரியாது. என்ன மாமா ஆச்சு என்றாள். புதிதாகக் கற்ற வார்த்தை அல்லவா, பாடிய வாங்கிட்டேன், வீட்டுக்குக் கொண்டு போய்க்கிட்டு இருக்கேன் என்றேன். கேமரா என்று சொல்வதற்குள் லைன் போய்விட்டது. நானும் திரும்பக் கூப்பிடவில்லை. வீட்டுக்கு வந்து, மைக்கை டப்பாவிலேயே வைத்துவிட்டு, கேமராவை மட்டும் மேசைமேல் நிறுத்திப் பொத்தான்களை அழுத்திப் பழகிக்கொண்டிருந்தேன். சித்தி தேக்கா கடைத்தெருவில் மாலையும் வாங்கிக்கொண்டு, மின்தூக்கியிலிருந்தே அக்கா அக்கா என்று கதறிக்கொண்டு வந்தாள். அடுத்த வீட்டு மலாய்க்கார அம்மா பயந்து வெளியே வந்துவிட்டார். நாற்காலியில் உட்கார்ந்து கஞ்சி குடித்துக்கொண்டிருந்த உன் அம்மா, தன் சாவுக்குத் தங்கை அழுவதை முழுதாகக் கேட்டாள். நான் வெட்கத்தில் செத்துப் போனேன். அவள் சிரித்தாள், சிரிப்பு இருமலாகி, இருமல் ரத்தமாகி, பிறகு நாங்கள் மூவருமே அழுதோம். மாலையைச் சாமி படத்துக்குப் போட்டோம்.

ஆப்பரேஷனுக்கு முந்தின நாள் அவளைப் பச்சைப் புடவை கட்ட வைத்து, மைக்கை மாட்டி, பாப்பாவோடு பேசச் சொன்னேன். நிறுத்தி நிறுத்தி, தண்ணீர் குடித்துக் குடித்துப் பேசினாள். தாத்தா சொல்றதை எதையும் நம்பாதே என்று ஆரம்பித்தாள், அது ஞாபகம் இருக்கிறது. நீ சின்னதில் சளி பிடித்தால் படுத்திய பாட்டைச் சொன்னாள். பிறகு என்னென்னவோ சொன்னாள், நான் முகம் தெளிவாக விழுகிறதா என்றே பார்த்துக்கொண்டிருந்தேன், பிறகு கேட்டுக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன். பேசி முடித்ததும் களைத்துத் தூங்கிவிட்டாள்.

மறுநாள் அவளை உள்ளே கொண்டு போன பிறகு வெளியே காத்திருக்கும் இடத்தில் கேமராவைத் திறந்து பார்த்தேன். அம்மா அவ்வளவு அழகாக இருந்தாள். உதடு அசைந்தது, சத்தம் இல்லை. அங்கே கூட்டம், அதனால்தான் கேட்கவில்லை என்று நினைத்துக் இயர்போன் மாட்டிப் பார்த்தேன். அந்த மைக்குக்குத் தனியாக ஒரு சுவிட்ச் இருக்கிறது திவ்யா. நான் அதைப் போடவில்லை. வெளி மைக்கைச் சொருகினால் கேமராவுக்குள் இருக்கும் மைக் தானாக அடங்கிவிடுமாம். கப்பல் பட்டறையில் காலமெல்லாம் எலக்ட்ரிஷியன் வேலை பார்த்தவன், சுவிட்ச் போட்டிருக்கிறதா என்று பார்க்கவில்லை. எழுந்து போய் அந்தக் கதவு முன்னால் நின்றேன். நிறுத்துங்கள், இன்னும் ஒரு தடவை பேசட்டும் என்று யாரிடம் சொல்வது. ரவூப்பிடம் பிறகு கொண்டு போனேன், பதிவாகாத சத்தத்தை எங்கேர்ந்துண்ணே கொண்டு வர்றது என்று தலையைக் குனிந்துகொண்டார்.

அம்மாவுக்கு இது தெரியாது. ஏதோ கருவி வைத்துப் பேசப் பழக்குவார்களாம், அது அவள் குரலாக இருக்காது. இப்போதைக்குப் பலகையில் எழுதிக் காட்டுகிறாள். முதலில் எழுதியதே, திவ்யாவுக்கு அனுப்பினீங்களா என்றுதான். அனுப்பிவிட்டேன் என்று தலையாட்டினேன். பாப்பாவுக்கும் கேட்குமாமே, வயிற்றில் வைத்துக் காட்டச் சொல்லுங்கள் என்று எழுதினாள்.

இத்துடன் ஒரு மெமரி கார்டை ஒட்டியிருக்கிறேன், நகல் ரவூப்பிடம் இருக்கிறது. அதில் இரண்டு வீடியோ. ஒன்று, பச்சைப் புடவையில் அவள் பேசும் ஊமைப் படம். இன்னொன்று நான் எடுத்ததே எனக்குத் தெரியாது. மைக் மாட்டாமல் பொத்தானை அழுத்திப் பழகியபோது, நம்பவே கூடாது என்ற அந்த உள் மைக்கில் தானாகப் பதிவாகியிருக்கிறது. படத்தில் கூரையும் என் கையும்தான் தெரியும். சித்தி கதறுகிற சத்தம் வரும், பயப்படாதே. அதற்குப் பிறகு உன் அம்மா இருக்கிற பலத்தையெல்லாம் திரட்டிக் கத்துவாள். ஏன்டி கத்துற, நான் இன்னும் சாகல, செருப்பக் கழட்டிட்டு உள்ள வா. அவ்வளவுதான். பாட்டியின் குரல் என்று பாப்பாவுக்கு வைத்துக்கொள்ள அதுதான் இருக்கிறது.

நேரத்துக்குச் சாப்பிடு, குளிரில் அதிகம் நடக்காதே, பிரசவம் நல்லபடியாக முடியட்டும், முருகன் துணை இருப்பான். மாப்பிள்ளைக்கு என் ஆசீர்வாதம். அம்மா உனக்கு மெசேஜ் அனுப்பிக் கேட்பாள். எல்லாம் தெளிவாகக் கேட்டது அம்மா என்று சொல்.

உன் அப்பா
பாலகிருஷ்ணன்