நம் வீட்டுக்கு ஒரு செய்தி, ஊருக்கு ஒரு செய்தி

என் அன்பு அண்ணனுக்கு,

போய்ச் சேர்ந்தவர்களைப் பற்றி நல்லதைத்தான் பேச வேண்டுமாம். ஒரு வருஷமாகப் பேசி எனக்கு அலுத்துவிட்டது. இன்று உன்னைத் திட்டத்தான் உட்கார்ந்திருக்கிறேன். வழக்கம்போலக் குறுக்கே பேச முடியாது, கேட்டுக்கொள்.

மத்திகிரி பள்ளியில் ஒன்பதாம் வகுப்புக்கு ஒரு பாடம் நடத்துகிறேன். செய்தி என்ற பெயரில் வரும் விளம்பரத்தை எப்படிக் கண்டுபிடிப்பது என்று. வீட்டில் பழைய பேப்பர் இருந்தால் கம்பெனிச் செய்திகளை வெட்டிக்கொண்டு வரச் சொன்னேன். ஓசூரைச் சுற்றி அதற்கா பஞ்சம்? மேசை நிறைந்துவிட்டது.

கெலமங்கலம் பக்கத்திலிருந்து வரும் ரேவதி கொண்டுவந்தது நீ எழுதியது. 'நமது நிருபர்' என்றுதான் போட்டிருந்தது. ஆனால் அவள் ஊர் ஏரியில் கம்பெனி விடும் சுத்திகரித்த தண்ணீர் என்று அதன் மேலாளர் தம்ளரைத் தூக்கிக் குடிக்கும் படத்தில், ஓரமாக நீ. கையில் அவர்கள் கொடுத்த பை, முகமெல்லாம் பல்.

எடுத்து மறைத்திருக்கலாம். உன் மகள் நிவேதா அதே வகுப்பில்தானே உட்கார்ந்திருக்கிறாள். ஆனால் ஊரார் எழுதியதையெல்லாம் கிழி கிழியென்று கிழித்துவிட்டு, அண்ணன் எழுதியதை மட்டும் பொத்தி வைத்தால் நான் என்ன டீச்சர்?

"இதுல யாரு பேசறாங்க?" என்று கேட்டேன்.

"மேனேஜர், மிஸ்."

"அப்புறம்?"

"மறுபடியும் மேனேஜரேதான், மிஸ்." வகுப்பே சிரித்தது.

"யாரு பேசல?"

நிவேதா எழுந்தாள். "மிஸ், இதுல இருக்கறது எங்கப்பா. அந்த ஏரி மீனு வீட்டுக்குள்ளயே வரக்கூடாதுன்னாரு. கம்பெனித் தண்ணி கலந்து செத்து மெதக்குதுன்னு சொன்னாரு. இங்க தண்ணி சுத்தம்னு எழுதியிருக்காரு."

ரேவதி அவளைத் திரும்பிப் பார்த்தாள். "நாங்க தின்னோமே. பேப்பர்லயே போட்டுட்டாங்கன்னு எங்கப்பா வாங்கியாந்தாரே."

உனக்கு எப்படி அண்ணா மனசு வந்தது? கம்பெனி நீட்டிய தாளை அப்படியே பேப்பருக்கு அனுப்புவாய், தலையில் 'பொதுமக்கள் மகிழ்ச்சி' என்று ஒரு வரி சேர்ப்பாய். எந்தப் பொதுமக்கள்? ஏரிக்கரைப் பக்கம் போய் ஒருவரையாவது கேட்டாயா? தெரியாமல் எழுதியிருந்தால்கூட உன்னை மன்னித்திருப்பேன். உன் பிள்ளையின் தட்டை மட்டும் காப்பாற்றத் தெரிந்திருக்கிறதே உனக்கு!

அண்ணி என்னோடு பேசுவதில்லை. "செத்த மனுசனப் புள்ளைங்க முன்னால சந்தி சிரிக்க வெச்சிட்டியே" என்று கத்தினார்கள். கத்தட்டும். ஆனால் நிவேதா சாயங்காலம் என் வீட்டுக்கு வந்து, "அத்தை, எங்கப்பா நல்லவருதான்னு ஒரு தடவ சொல்லு" என்றாள். அந்த ஒரு வார்த்தை என் வாயில் வரவில்லை. அவள் தண்ணீர்கூடக் குடிக்காமல் போய்விட்டாள். இதையும் என் தலையில்தான் கட்டிவிட்டுப் போயிருக்கிறாய்.

அதனால் ஒன்று மட்டும் சத்தியம் செய்கிறேன். அவள் மறுபடி கேட்பாள். அவளுக்குக் காய்ச்சல் வந்தபோது, பஸ் இல்லாத நேரத்தில் தோளில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினாயே, அதைச் சொல்வேன். ரேவதி வீட்டில் எந்த மீனைத் தின்றார்கள் என்பதையும் அதே மூச்சில் சொல்வேன். உன்னைப் பற்றிப் பாதிச் செய்தி மட்டும் உன் மகளுக்குக் கொடுக்க மாட்டேன்.

கோபம் ஆறாத உன் தங்கை,
வசந்தி