அம்மா இரண்டு முறை வரிசையில் நின்றார்

ஜூன் 14, சனி

புக்கிட் ரோத்தான் கோயில் மண்டபத்துக்கு ஒரு வேன் வந்தது. பல்கலைக்கழக ஆய்வாம். இரத்தத்தை மெஷினில் வேகமாக ஓடவிட்டு, ஓடுகிற செல் ஒவ்வொன்றையும் படம் பிடித்து, புற்றுநோயை ஆரம்பத்திலேயே கண்டுபிடிப்பார்களாம். என் செல்லும்தான் படம் பிடிக்கும். நான் வேன் வைத்துக்கொண்டு சுற்றுகிறேனா? இலவசமாக இரத்தம் எடுப்பது கொசு மட்டும்தான். இவர்கள் கூடவே ஒரு பை அரிசியும் கொடுக்கிறார்கள் — அங்கேதான் உதைக்கிறது.

அம்மா இரண்டு அரிசிப் பையோடு வீட்டுக்கு வந்தார். முதலில் புஷ்பா என்ற சொந்தப் பெயரில் வலது கையை நீட்டினாராம். பிறகு முகக்கவசம் மாட்டி, ரவாங்கில் இருக்கும் உஷாராணி சின்னம்மா பெயரில் இடது கை.

“ரெண்டும் என் ரத்தந்தானேடி.”

எனக்குக் குறும்பு எங்கிருந்து வந்தது என்று இன்றைக்குத் தெரிந்தது.

ஜூன் 15

நல்ல அரிசிதான். அதுவும் சந்தேகமாக இருக்கிறது.

ஜூன் 27, வெள்ளி

அம்மா கைப்பேசிக்கு இரண்டு தகவல். புஷ்பா: ஒன்றும் தென்படவில்லை. உஷாராணி: சந்தேகமான செல்கள், மறுபரிசோதனைக்கு உடனே வரவும்.

ஒரே உடம்பு, ஒரே நாள், இரண்டு பதில். மாட்டிக்கொண்டது மெஷின்.

ஜூன் 28

கலாய்க்கலாம் என்று தகவல் வந்த எண்ணுக்கு அழைத்தேன். முகுந்தன் என்று ஓர் ஆய்வாளர் எடுத்தார்.

“அண்ணே, ஒரு விடுகதை. ஒரே ஆளு, ரெண்டு குழாய், ரெண்டு பதில். எது பொய்?”

அவர் சிரிக்கவில்லை. “கெட்ட செல்லு கோடியில ஒண்ணு ரெண்டுதாம்மா இருக்கும். ஒரு குழாயில மாட்டும், இன்னொண்ணுல மாட்டாமப் போயிரும். ஒண்ணுமில்லன்னு வந்துச்சே, அதத்தான் நான் நம்ப மாட்டேன். யாரும்மா அது?”

வைத்துவிட்டேன்.

அம்மாவிடம் சொன்னேன்.

“போனா பொய் சொன்னது தெரிஞ்சிரும்லா. அரிசியத் திருப்பிக் கேப்பாங்க.”

“பாதி தின்னாச்சும்மா.”

“அதான் போகலன்றேன்.”

அம்மா கொஞ்ச நாளாகச் சரியாகவே சாப்பிடுவதில்லை. வெயில் என்று நினைத்தேன். ஊரில் இருக்கிற எல்லாவற்றையும் சந்தேகப்பட்டேனே — இது மட்டும் ஏன் தோன்றவில்லை?

ஜூன் 30, திங்கள்

முகுந்தன் அண்ணனிடம் எல்லாவற்றையும் போட்டுக்கொடுத்துவிட்டேன். அரிசியைப் பற்றி அவர் கேட்கவே இல்லை. நாளைக்கே கூட்டிவரச் சொன்னார்.

அம்மாவுக்கு என் மேல் கோபம். ஆனால் நாளைக்கு உடுத்தச் சேலை எடுத்து வைத்திருக்கிறார்.

ஜூலை 22, செவ்வாய்

கிள்ளான் மருத்துவமனை. குடலில் சின்னக் கட்டி. இன்னும் பரவவில்லை, நாளை எடுத்துவிடுவோம் என்றார் டாக்டர்.

இரத்தம் எடுக்க வந்த தாதி பெயர் கேட்டார்.

“புஷ்பா,” என்றார் அம்மா. என்னைப் பார்த்துவிட்டு, “புஷ்பா மட்டுந்தான்.”

தாதி குழாயில் பெயரை ஒட்டினார். கொஞ்சம் காட்டச் சொல்லி, எழுத்து எழுத்தாக நானும் படித்துப் பார்த்தேன்.