கோப்பை வைத்த இடம்

ஃபயென்சா,
அக்டோபர், சனிக்கிழமை இரவு

அன்புள்ள ஓரியானோ அண்ணாவுக்கு,

இந்தக் கடிதத்தை யாரிடமும் காட்டாதே. உன்னோடு அறையில் இருக்கும் பையன்களிடம்கூட வேண்டாம். அவர்களில் ஒருவன் நம் ஊர்க்காரன். படித்ததும் கிழித்துவிடு. அப்பாவுக்குப் போன் செய்து எதுவும் கேட்டுவிடாதே. கெஞ்சிக் கேட்கிறேன்.

நீ நலமா? ஜெர்மனியில் குளிர் தொடங்கிவிட்டதா? உன் ஐஸ்கிரீம் கடைக்கு இன்னும் ஆள் வருகிறார்களா? “இந்தக் குளிர்ல அங்க எவன் ஐஸ்கிரீம் திங்கறான்?” என்று அப்பா அடிக்கடி கேட்கிறார். உன் பெயரைச் சொல்வதில்லை. ஆனாலும் கேட்கிறார்.

அண்ணா, அப்பாவுக்கு வாசனை தெரிவதில்லை. ஜனவரியில் பட்டறை வாசலில் பனியில் வழுக்கி விழுந்து பின்மண்டையில் அடிபட்டதை எழுதியிருந்தேன். தையல் பிரித்தாயிற்று, தலைவலியும் போயிற்று. மூக்கு மட்டும் திரும்பவில்லை. யாரிடமும் அவர் சொல்லவில்லை. அடுப்பில் பால் கருகும்போது பக்கத்திலேயே நின்று செய்தித்தாள் படிக்கிறார். ஒருநாள் அம்மாவின் அலமாரியைத் திறந்து, அவள் சால்வையை முகத்தில் வைத்துக்கொண்டு நெடுநேரம் நின்றார். பிறகு அதை உதறிவிட்டு மறுபடி வைத்துப் பார்த்தார். நான் கதவுக்குப் பின்னால் இருந்தேன். அன்றுதான் எனக்கு உறுதியாயிற்று.

வேறு தொழில் என்றால் சூப்பில் ருசி குறையும், அவ்வளவுதான். அப்பா பார்ப்பது பழைய கார்களின் கார்புரேட்டர். அதில் தேய்ந்த அச்சுத்தண்டை மாற்றி, அதைத் தாங்குகிற புது புஷ் போடக் கை போதும். ஒரே இன்ஜினில் இருக்கிற இரண்டு கார்புரேட்டரும் ஒன்றுபோல மூச்சு விடுகின்றனவா என்று ரப்பர் குழாய் வைத்துக் கேட்கக் காது போதும். பெட்ரோல் கசிவதை மட்டும் மூக்குதான் முதலில் சொல்லும். சூடான இன்ஜின்மேல் விழுகிற சொட்டு, கண்ணில் படுவதற்குள் ஆவியாகிவிடுகிறது. பிறகு ஒரு பொறி போதும் என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

மார்ச்சில் ஒரு காரின் பக்கத்தில் எனக்குக் குப்பென்று பெட்ரோல் நெடி அடித்தது. சொன்னேன். “உனக்கு என்னடி தெரியும்? முப்பது வருஷமா இந்த மூக்கை வெச்சுத்தான் பொழைக்கிறேன்!” என்று கத்தினார். அப்புறம் கையில் இருந்த ஸ்பானரைக் கீழே வைக்காமல் அப்படியே நின்றுகொண்டிருந்தார். அவரைப் பார்க்கவே பயமாக இருந்தது.

அடுத்த முறை வாயைத் திறக்கவில்லை. கொண்டுபோன காபிக் கோப்பையை, நெடி வந்த பக்கத்து மட்கார்டின் மேல் வைத்துவிட்டு வந்தேன். சற்று நேரம் கழித்து எட்டிப் பார்த்தால், அந்தப் பக்கத்துக் கார்புரேட்டரைக் கழற்றிக்கொண்டிருந்தார். அதிலிருந்து அப்படியே நடக்கிறது. நெடி இருந்தால் கோப்பை காரின் மேல். இல்லாவிட்டால் மேசையின் மேல். இதைப் பற்றி நாங்கள் இருவரும் ஒரு வார்த்தை பேசியதில்லை.

இந்த வாரம் மருந்துக்கடை ஸக்கரோனி அம்மாளின் கூரை திறக்கிற சிவப்புக் கார் வந்தது. “எர்மெஸ், இந்த வண்டி என் புருஷன் மாதிரியே இருமுது. இதை நீங்க பாருங்க, அவரை நான் பாத்துக்கறேன்” என்று அப்பாவிடம் சொல்லி வண்டியை விட்டுவிட்டுப் போனார். திறந்து பார்த்தால் எல்லாமே தேய்மானம். அச்சுத்தண்டு ஆடுகிறது. பெட்ரோலை நிறுத்துகிற ஊசியின் முனை தேய்ந்து வளையமாகத் தடம் விழுந்திருக்கிறது. அப்பா ஒவ்வொன்றாக மாற்றினார். நாளை காலை அந்த அம்மாள் தன் இரண்டு பையன்களையும் ஏற்றிக்கொண்டு மலைப்பாதை வழியாக ஃப்ளோரன்ஸ் போகிறார். சின்னவன் மூன்றாம் வகுப்பு.

நேற்று இரவு எனக்குச் சளி பிடித்தது. காலையில் மூக்கு முழுக்க அடைப்பு. பள்ளி விட்டு வந்து வழக்கம்போலக் காபி கொண்டுபோனேன். இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. குனிந்து மூச்சை இழுத்தேன். ஒன்றுமில்லை. நெடி இல்லையா, எனக்குத்தான் தெரியவில்லையா? அப்பா என் முகத்தைப் பார்க்கவில்லை, கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். கோப்பை சுட்டது. மேசையில் வைத்துவிட்டேன்.

வைத்ததும் எடுத்துவிடலாம் என்று கை நீட்டினேன். அதற்குள் அவர் அதை எடுத்துக் குடித்துவிட்டார். பானெட்டை மூடினார். ஸக்கரோனி அம்மாளுக்குப் போன் செய்து, “வண்டி ரெடிம்மா, காலையில வந்து எடுத்துக்குங்க” என்றார்.

சாப்பிடும்போது சொல்லிவிட வேண்டும் என்றுதான் உட்கார்ந்தேன். அப்பா எனக்கும் ஒரு வாய் ஒயின் ஊற்றினார். “ரெண்டும் ரெட்டைப் புள்ளைங்க மாதிரி மூச்சு விடுது, கேட்டியா?” என்றார். விழுந்த பிறகு இன்றுதான் அவர் சிரித்து நான் பார்க்கிறேன். எனக்குச் சளி என்று சொன்னால் கோப்பையைப் பற்றிச் சொல்ல வேண்டும். கோப்பையைப் பற்றிச் சொன்னால் அவர் மூக்கைப் பற்றிச் சொல்ல வேண்டும். சொன்னால் பட்டறையே போய்விடும் என்று பயந்தேன். சொல்லாவிட்டால் அந்தச் சின்னவன். தும்மலைத் துண்டுக்குள் அடக்கிக்கொண்டு மாடிக்கு ஓடி வந்துவிட்டேன்.

இது உன் கைக்கு வரும்போது ஞாயிற்றுக்கிழமை முடிந்திருக்கும். நாளைக்காக உன்னிடம் நான் எதுவும் கேட்க முடியாது. நீ வா. குளிர்காலத்துக்கு உன் கடை மூடும்வரை காத்திருக்காதே. அவரோடு சண்டை போட்டுக்கொண்டாவது பட்டறையில் நில். அவரிடம் எதுவும் சொல்ல வேண்டாம், கேட்கவும் வேண்டாம். பக்கத்தில் நின்று மூச்சை மட்டும் இழு, போதும். என் ஒருத்தி மூக்கால் முடியவில்லை அண்ணா. கடவுள் உன்னை நன்றாக...

தும்மிவிட்டேன். தலையணையில் முகத்தைப் புதைத்தும் சத்தம் கேட்டுவிட்டது. படியில் காலடி கேட்கிறது.

கதவைத் தட்டுகிறார். தூங்கவில்லையா என்று கேட்கவில்லை, அண்ணா. “மிர்னா, உனக்குச் சளி எப்பலேருந்தும்மா?”