இடம் வலமான குன்று

அன்புள்ள ஃபுல்வியோவுக்கு அம்மா எழுதுவது. நாங்கள் நலம் என்றே எழுதிப் பழகிய கை, இனி நான் நலம் என்று எழுதக் கற்றுக்கொள்ள வேண்டும். மெல்போர்னில் நீயும் மருமகளும் பிள்ளைகளும் சுகமாயிருக்க மாதாவை வேண்டுகிறேன்.

இந்த வருஷம் ஒலிவம் காய்ப்பு குறைவு, மழை வேறு சமையலறைக்குள் ஒழுகுகிறது, அதெல்லாம் கிடக்கட்டும். அப்பா கல்லறைக்கு நீ செய்யச் சொன்ன பளிங்குக்கல் வந்துவிட்டது. வழவழவென்று நல்ல கல்தான். நம் குன்றையும் அதன்மேல் ரோமர் காலத்துக் கோயில் இரண்டையும் செதுக்கியிருக்கிறது. ஆனால் வட்டக் கோயில் வலப்பக்கம் நிற்கிறது, சதுரக் கோயில் இடப்பக்கம். பிறந்ததிலிருந்து நம் ஜன்னலில் நீ பார்த்தது அப்படியா? கல்தச்சன் நத்சரேனோவைப் பிடித்துக் கேட்டால், “நான் என்னக்கா செய்யறது, உங்க மவன் வரைஞ்சு அனுப்புனது அப்பிடித்தான் இருந்துச்சு, மாத்திச் செஞ்சா அதுக்கும் சண்டைக்கு வருவான்” என்கிறான். நீ புறப்பட்டபோது அப்பா சுவரிலிருந்து கழற்றிக் கொடுத்தாரே அந்தப் பழைய அச்சுப்படம், அதைப் பார்த்துத்தானே வரைந்தாய். படம் போட்டவன் செம்புத் தகட்டில் நேராகத்தான் செதுக்கினான், தாளில் ஒற்றியதும் இடம் வலமாகிவிட்டது என்று வந்தவர் போனவரிடமெல்லாம் சொல்லி, சவரக் கண்ணாடியைப் படத்துக்கு எதிரே பிடித்து, “இப்பப் பாருங்க, குன்று சரியாயிடுச்சு” என்று அப்பா சிரிப்பார். ஓடிப்போய் அந்தக் கண்ணாடியை எடுத்து வருவதே நீதானடா. அதுவுமா மறந்துபோகும்? சாவுக்கு வரவில்லை, விமானத்தில் இடமில்லை என்றாய், நம்பினேன். இதற்கு என்ன சொல்லப் போகிறாய்? எதிர்வீட்டு இனேஸ் கல்லைப் பார்த்துவிட்டு, “ஏண்டி, உன் வீட்டுக்காரரை எந்த ஊருல புதைச்சிருக்க?” என்று சந்தையில் வைத்துக் கேட்கிறாள். எல்லோரும் சிரிக்கிறார்கள்.

கல்லை நான் வைக்க விடவில்லை, கல்லறைத்தோட்டச் சுவரோரம் கவிழ்த்துப் போட்டிருக்கிறது. நாளை மறுநாள் ஆத்துமாக்கள் திருநாள், ஊரில் எல்லாக் கல்லுக்கும் சாமந்தி வைப்பார்கள், உன் அப்பா வெறும் சிமெண்டின் கீழ் கிடப்பார். திருத்திய படம் என்று ஒன்றும் தபாலில் அனுப்பாதே. நீயே வந்து ஜன்னலில் நின்று பார், பார்த்துவிட்டு நத்சரேனோவிடம் உன் வாயால் சொல். அதுவரை அவர் அப்படியே இருக்கட்டும்.

பிள்ளைகளை வெயிலில் அலைய விடாதே. கடவுள் உங்கள் எல்லோரையும் காப்பாற்றட்டும். ஒன்று மட்டும் நினைவில் வை. அவர் பக்கத்தில் எனக்கும் இடம் ஒதுக்கியாகிவிட்டது. என் கல்லில் கோயில் வேண்டாம், குன்று வேண்டாம், பெயர் போதும். எப்போதும் அம்மா என்றுதான் கையெழுத்துப் போடுவேன். இந்தத் தடவை பெயரை எழுதுகிறேன், செதுக்குகிறவனுக்குப் பார்த்துச் சொல்ல உனக்கு வேண்டியிருக்கும்.

எர்சீலியா