மூன்றாவது தொப்பி

அன்புள்ள ஓப்பல்,

படுத்தும் இருப்புக்கொள்ளவில்லை. ஆள் வைக்கக் காசில்லாத கௌபாய் படம் இது. தொப்பியை மாற்றி மாற்றி இன்று நானே மூன்று முறை சுடப்பட்டுச் செத்தேன். "அடுத்த பொணம் ரெடியா?" என்று ஒரே கிண்டல்.

மூன்றாவது முறை குதிரையிலிருந்து விழுந்தபோது வலியில் அலறிவிட்டேன். கேமரா ஓடிக்கொண்டிருந்தது, மறுபடி எடுக்க ஃபிலிம் இல்லை. கதாநாயகன் கார்வர் வசனத்தை விட்டுவிட்டு என்னருகே மண்டியிட்டான். தன் தொப்பியைக் கழற்றினான். "அசையாதடா, நான் பாத்துக்கறேன்" என்று உதடசையாமல் முணுமுணுத்து, என் கண்களை மூடிவிட்டான். டைரக்டரே அழுதுவிட்டார். அட்டை ஊர், ஓட்டைத் துப்பாக்கி எல்லாம் அந்த நிமிடம் நிஜமாகிவிட்டன.

குதிரைக்கு ஒன்றும் ஆகவில்லை.

நான் வருவதற்குள் மாடியிலிருக்கும் நம் கட்டிலைக் கீழே இறக்கிப் போட்டுவை.

உன்னவன்