மாளிகைத் தோட்டத்தில் இரண்டு கற்கள்

நவம்பர் 3, திங்கள்
மழை விட்டுவிட்டது. க்யிம்யிண்டைங் சந்தையில் மீன் மலிவு. அங்கேதான் கேள்விப்பட்டேன் — பழைய ஜனாதிபதி மாளிகையைத் திறந்துவிட்டார்களாம், டிக்கெட் எடுத்தால் யாரும் போகலாமாம். பர்மாவின் தலைநகரம் இந்த ஊரைவிட்டு மாறியதிலிருந்து பூட்டிக் கிடந்த இடம். என் வீட்டுக்காரருக்கு அப்போது அங்கே சமையல் வேலை, பின்கட்டில்தான் குடியிருந்தோம். என் பிள்ளை அங்கேதான் அடங்கியிருக்கிறான்.

நவம்பர் 4
எண்பத்தெட்டில் ஊரடங்கு. பிறந்த மறுநாளே மவுத்தான பிள்ளையைக் கபர்ஸ்தானுக்குக் கொண்டுபோக வழியில்லை. சமையற்கட்டுக்குப் பின்னால் இவரே அடக்கினார். பெண்கள் அடக்கத்துக்குப் போவதில்லையே, நான் இடத்தைப் பார்க்கவில்லை. அந்த வருஷமே எங்களை வெளியே அனுப்பிவிட்டார்கள். இன்று சாப்பிடும்போது கேட்டேன். தலைமாட்டில் ஒரு வெள்ளைக்கல், கால்மாட்டில் ஒன்று என்றார். கை கழுவ எழுந்து போய்விட்டார்.

நவம்பர் 6, வியாழன்
போனேன். இவருக்குக் கால் வீக்கம், வரவில்லை.

வழிகாட்டிப் பெண்ணின் பெயர் மா திரி, சின்னவள், நல்ல சிரிப்பு. வெள்ளைக்கார ஜட்ஜ் கட்டியது, பிறகு ஜனாதிபதிகள் இருந்தது என்று பர்மியத்தில் சொல்லிக்கொண்டே போனாள். சமைத்துப் போட்டவர்களைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. பின்தோட்டத்தில், அதே சமையற்கட்டுக்குப் பின்னால், புல் நடுவே, இரண்டு வெள்ளைக்கல். சுற்றிச் சங்கிலி, பக்கத்தில் பலகை. ஜனாதிபதி வீட்டு நாயின் சமாதியாம். எல்லாரும் படம் எடுத்தார்கள்.

நாயா? என் புள்ளயா நாயி? யா அல்லாஹ் — அங்கேயே உக்காந்துட்டேன். அந்தப் பொண்ணுதான் தண்ணி குடுத்தா. அவள என்ன சொல்ல?

நவம்பர் 7
எழுத முடியவில்லை.

நவம்பர் 9
நாளைக்கு மாளிகை ஆபீசில் போய் உண்மையைச் சொல்லப் போகிறேன் என்றேன். இவர் கையைப் பிடித்துக்கொண்டார். தோட்டக்காரர் ஒருவரின் மகளும் அங்கேதான் அடங்கியிருந்தாளாம். குடும்பம் போய்ச் சொன்னதும், சுற்றிப் பார்க்கிற இடத்தில் பிணமா என்று தோண்டி எடுத்துவிட்டார்களாம். பள்ளிவாசலில் கேள்விப்பட்டிருக்கிறார்.

"நம்ம புள்ளன்னு சொன்னா எடுத்துப் போட்டுருவாங்க மைமூன். நாயின்னா விட்டு வப்பாங்க."

அழுதேன், சண்டை போட்டேன். இத்தனை வருஷம் வாய் திறக்காத மனுஷன் சொல்வது சரியாக இருக்கிறதே, அதுதான் பொறுக்கவில்லை.

நவம்பர் 10
ஆபீசுக்குப் போகவில்லை.

டிசம்பர் 4, வியாழன்
இன்றும் டிக்கெட் எடுத்தேன். சங்கிலிக்கு வெளியே நின்று, உதட்டுக்குள்ளேயே பிள்ளைக்காக யாசீன் ஓதினேன். புல்லை வெட்டிச் சுத்தமாகத்தான் வைத்திருக்கிறார்கள். மா திரி பக்கத்தில் வந்து, வாராவாரம் இங்கேயே நிற்கிறீர்களே, உங்களுக்கு நாய் என்றால் அவ்வளவு பிரியமா என்று கேட்டாள்.

ஆமாம் என்றேன்.