அவனுக்கு நான் நீட்டிய சிகரெட்

வியாழன், இரவு

இன்று மதியழகனை நுரையீரல் டாக்டரிடம் அழைத்துப் போனேன். சாரம் பகுதியில் குடியை விட்டவர்கள் கூடும் கூட்டத்தில்தான் எங்களுக்குப் பழக்கம். நான் விட்டு ஆறு வருஷம், அவன் விட்டு நாலு. முதல் நாள் கை நடுங்க நின்றவனுக்கு நான்தான் சிகரெட்டை நீட்டி, "இத இழு, அத மறந்துடுவ" என்றேன். அதற்கு முன் அவன் புகைத்ததே இல்லை. இப்போது தினம் இரண்டு பாக்கெட்.

டாக்டர் ஒரு குழாயில் ஊதச் சொன்னார். பாதியிலேயே இருமி நிறுத்திவிட்டான்.

"குடிய விட்டு காப்பாத்துன உசுரு இது. சிகரெட்டையும் விட்டுடுங்க. மேல கெடாம பாத்துக்கலாம்," என்றார் அவர்.

வெளியே வந்ததும், "நான்தான்டா உன்ன பழக்கிவுட்டேன்," என்றேன். அவனுக்கு இருமல் தொடங்கிய இந்த நாலு மாதமாகச் சொல்லாமல் வைத்திருந்த வார்த்தை.

"அன்னிக்கி நீ குடுக்கலன்னா நேரா சாராயக்கடைக்கு போயிருப்பேன்," என்றான் மதி. "ஆனா தனியா வுட என்னால முடியாது. நீயும் வா."

என் கையைப் பிடித்து மறுபடி உள்ளே இழுத்துப் போய், "இவரையும் ஊதச் சொல்லுங்க டாக்டர்" என்றான். ஊதினேன். அவனைவிட மோசம். டாக்டர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். மதிக்குச் சிரிப்பு வந்துவிட்டது, பிறகு எனக்கும்.

பையிலிருந்த பாக்கெட்டை அங்கேயே குப்பையில் போட்டேன். வீட்டுக்கு வந்து என் மனைவி அமுதாவிடம் சொன்னேன். அவள் என் தட்டில் இன்னொரு தோசை வைத்தாள்.

இப்போது கை சும்மா இருக்க மாட்டேன் என்கிறது. அதனால்தான் பேனாவைப் பிடித்திருக்கிறேன்.